பெருக்கமரத்துக்குச் சொந்த ஊர் எது?

மன்னார் பள்ளிமுனையிலும் நெடுந்தீவிலும் நிற்கிற பெருக்கமரங்களைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: இவை அரேபிய வணிகர்கள் கொண்டுவந்தவை. கூடவே, ஒட்டகத்துக்குத் தீனி போட என்று ஒரு காரணமும் ஒட்டிக்கொள்ளும். தமிழகத்தில் இதே மரத்துக்குப் பொந்தன்புளி, ஆனைப்புளி, பப்பரப்புளி என்று வாய்க்கு வந்தபடி பெயர்கள். கதை மட்டும் அங்கேயும் இதேதான்.

யார் பார்த்தார்கள்? எப்படித் தெரியும்? யாரும் கேட்பதில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதுகிறார். பத்துப் பேர் எழுதிவிட்டால் அது வரலாறு ஆகிவிடுகிறது.

மரத்தையே கேட்டால் என்ன என்பதுதான் என் கேள்வி. விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வோர் இலையிலும் அந்த மரத்தின் வம்சக் கணக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் வழியும் இன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் படித்ததை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் பாவோபாப் என்பார்கள். பருத்தி, இலவம், வெண்டை இவற்றோடு ஒரே குடும்பம். அடன்சோனியா என்பது பேரினத்தின் பெயர். 1749இல் செனகலுக்குப் போய், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அங்கே தங்கி இந்த மரத்தை ஆராய்ந்த மிஷேல் அடன்சோன் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை லின்னேயஸ் இதற்குச் சூட்டினார். (அடன்சோனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.) இன்று உயிரோடு இருப்பவை எட்டு இனங்கள். அவற்றில் ஆறு மடகாஸ்கர் தீவில் மட்டுமே உண்டு. ஒன்று ஆப்பிரிக்கப் பெருநிலத்தில். மிச்சம் ஒன்று எங்கே தெரியுமா? ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், கிம்பர்லி என்ற பகுதியில்! நம் பக்கம் வளர்வது ஆப்பிரிக்க இனம், அடன்சோனியா டிஜிட்டேட்டா.

ஒரு குடும்பத்து மரங்கள் இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரைகளில் நிற்கின்றன. நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்ணீர். எப்படி?

இதற்கு ஓர் அழகான பதில் தயாராக இருந்தது. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக்கிடந்தன அல்லவா? அந்தக் காலத்திலேயே பெருக்கமரம் அங்கே இருந்தது, நிலம் உடைந்து விலகியபோது மரங்களும் அதனதன் துண்டோடு போய்விட்டன, அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்தாலே தலையாட்டத் தோன்றுகிற விளக்கம். எந்த மரமும் கடலில் மிதக்க வேண்டாம், எந்த அதிசயமும் நடக்க வேண்டாம்.

இது சரியா என்று எப்படிச் சோதிப்பது? இங்கேதான் மரபணு வருகிறது.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது என்ன செய்தார்? ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். ஏடு எழுதுகிறவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதியவரும் அதே பிழையை எழுதுவார், தன் பங்குக்குப் புதிதாக ஒன்றிரண்டையும் சேர்ப்பார். ஆகவே இரண்டு ஏடுகளில் ஒரே விசித்திரமான பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து பிறந்தவை என்று ஊகிக்கலாம். பிழைகள் எங்கே சேர்ந்து வருகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்தாலே ஏடுகளின் வம்சாவளியைப் போட்டுவிடலாம்.

டி.என்.ஏ.வும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும் ஏடுதான். நான்கே எழுத்து, ஆனால் கோடிக்கணக்கில் நீளம். அதிலும் பிழை விழுகிறது. எட்டு இனங்களின் எழுத்துகளையும் அடுக்கி வைத்து, எந்த மாற்றம் எவற்றுக்குப் பொதுவானது என்று கணினியில் கணக்குப் போட்டால் யார் யாருக்குப் பங்காளி என்று தெரிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. பிழைகள் ஏறக்குறைய எந்த வேகத்தில் சேர்கின்றன என்று, வயது தெரிந்த புதைபடிவங்களை வைத்து மதிப்பிட முடிந்தால், இரண்டு கிளைகள் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றும் சொல்லலாம். இதற்கு மூலக்கூறு கடிகாரம் என்று பெயர். (கடிகாரம் என்பது கொஞ்சம் மிகையான பெயர். வேகமாகவும் ஓடும், மெதுவாகவும் ஓடும். வெயிலைப் பார்த்து மணி சொல்கிற தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம் :-))

1998இல் டேவிட் பாம், ராண்டல் ஸ்மால், ஜோனதன் வெண்டல் மூவரும் பெருக்கமர இனங்களின் டி.என்.ஏ.வையும் பூ, காய் போன்ற உருவ அமைப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். கோண்ட்வானா கதை அங்கேயே சரிந்தது. ஆப்பிரிக்காவிடமிருந்து மடகாஸ்கர் விலகத் தொடங்கியது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த இனங்கள் அவ்வளவு காலமாகப் பிரிந்திருந்தால் அவற்றின் டி.என்.ஏ.வில் வேறுபாடு மிக மிக அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. தாத்தாவின் மணிக்கணக்கு எவ்வளவு தப்பினாலும் இவ்வளவு தப்பாது. கண்டங்கள் உடைந்து நெடுங்காலம் கழித்துத்தான் இந்த இனங்கள் பிரிந்திருக்கின்றன. அப்படியானால் மிச்சமிருக்கும் வழி ஒன்றுதான். கடல்!

நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? பெருக்கமரத்தின் காய்க்குக் கெட்டியான மர ஓடு. உள்ளே மாவு போன்ற புளிப்புச் சதையில் பொதிந்த விதைகள். உப்புத் தண்ணீரில் விதை பிழைக்குமா என்ற சந்தேகம் டார்வினுக்கே வந்தது. 87 வகை விதைகளை 28 நாள் உப்புநீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். 64 வகை முளைத்தன. (அவர் சோதித்தவற்றில் பெருக்கமர விதை கிடையாது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.) லட்சம் ஆண்டுக்கு ஒரு காய் கரை சேர்ந்து முளைத்தால் போதும். அவ்வளவு காலம் இயற்கையிடம் இருந்தது, நம் கற்பனையில்தான் இல்லை.

எட்டு இனங்களின் முழு மரபணுத்தொகுதியும் 2024இல் நேச்சர் இதழில் வந்தது. சீனா, மடகாஸ்கர், பிரிட்டன் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. இன்றுள்ள இனங்களின் பிறப்பிடம் மடகாஸ்கர்தான் என்பது அவர்கள் வாதம். அங்கே சுமார் 2 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, பிறகு ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடல் வழியே போயிருக்கின்றன. அதாவது ஆப்பிரிக்காவின் அடையாளம் என்று நாம் நினைக்கிற மரமே ஆப்பிரிக்காவுக்குக் குடியேறி!

ஆனால் அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வம்சாவளி ஒரு மரம் போலக் கிளைத்துக்கொண்டே போகவில்லை, வலை போலப் பின்னிக்கிடக்கிறது. பிரிந்த இனங்கள் மறுபடி கலந்து, அந்தக் கலப்பிலிருந்தும் புதிய கிளைகள் வந்திருக்கின்றன. ஏட்டு உவமையில் சொன்னால், எழுதுகிறவர் இரண்டு ஏடுகளை மடியில் வைத்துக்கொண்டு இதில் பாதி அதில் பாதி என்று எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஏட்டின் வம்சத்தை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் தப்பாகத்தான் போகும். மற்றப் பக்கம் வேறு கதை சொல்லும். இதனால்தான் ஒரே ஒரு மரபணுவை மட்டும் வைத்து "இதுதான் உண்மை வம்சம்" என்று சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. பல செடிகளில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. தாய் வழியாக மட்டும் வரும். அதை மட்டும் படித்தால் விதை போன பாதை தெரியும், மகரந்தம் போன பாதை தெரியாது. அம்மா வீட்டுக் கதையை மட்டும் கேட்டுவிட்டுக் குடும்ப வரலாறு எழுதுவது போல.

உருவத்தை மட்டும் நம்பினாலும் இதே ஆபத்து உண்டு. 2012இல் ஜாக் பெட்டிக்ரூவும் சகாக்களும் ஆப்பிரிக்காவில் இரண்டாவதாக ஓர் இனம் இருப்பதாகச் சொல்லி அதற்கு அடன்சோனியா கிலிமா என்று பெயர் வைத்தார்கள். பூவின் அளவு வேறு, மகரந்தம் வேறு, குரோமோசோம் எண்ணிக்கை வேறு என்றார்கள். எட்டு ஒன்பதாயிற்று. 2016இல் இன்னொரு குழு மறுபடி பரிசோதித்து, தனி இனம் என்று பிரிக்க ஆதாரம் போதாது என்றது. ஒன்பது மறுபடி எட்டு. இதைச் சொல்லி அறிவியலைக் கேலி செய்பவர்கள் உண்டு. "நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க" என்பார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஒட்டகத் தீனிக் கதையை யாராவது இப்படித் திரும்ப எடுத்துச் சரிபார்த்தார்களா?

இதுவரை சொன்னது மனிதன் வருவதற்கு முந்தைய கதை. அதற்குப் பிறகு விதையைத் தூக்கிச் சென்றது கடல் மட்டுமல்ல, நாமும்தான்.

ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு மிக அருமையானது. அங்குள்ள பெருக்கமரங்களின் மரபணுக்கள் எந்தத் திசையில் பரவின என்று ஒரு பக்கம் கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கம், அந்த மரத்தைக் குறிக்கும் சொற்கள் அங்குள்ள பழங்குடி மொழிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படிக் கடன் போயின என்று பார்த்தார்கள். இரண்டு திசைகளும் ஒத்துப்போயின! சொல்லும் விதையும் ஒரே மனிதரோடு நடந்து போயிருக்கின்றன. மொழி படிப்பவர்களும் தாவரம் படிப்பவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் கல்லூரிகளில் இந்த இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஆண்டு விழாவில்தான் சந்தித்துக்கொள்கின்றன.

சரி, நம் ஊர் மரத்துக்கு வருவோம்.

அதே 2015இல் இந்தியப் பெருக்கமரங்களைப் பற்றியும் ஓர் ஆய்வு வந்தது. கேரன் பெல், ஹரிபிரியா ரங்கன் முதலானோர் செய்தது. ஆப்பிரிக்கா, இந்தியா, மொரீஷியஸ் பக்கத்து மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் மரங்களில் மரபணுத்தொகுதியின் பத்து இடங்களை ஒப்பிட்டார்கள். முடிவு, அரேபிய வணிகர் என்ற ஒற்றை வரிக்குள் அடங்காது. இந்தியாவுக்கு இந்த மரம் ஒரே தடவை வரவில்லை. பல தடவை, பல வழிகளில், நினைத்ததைவிட நீண்ட காலமாக வந்திருக்கிறது. வம்சாவளிக் கணக்கில் இந்திய மரங்களுக்கு மிக நெருங்கிய உறவு மொம்பாசாவுக்கும் தாரெஸ்ஸலாமுக்கும் இடைப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில். மேற்கு, மத்திய இந்திய மரங்களோ இன்று ஆப்பிரிக்க மரங்களிலிருந்து தனிக் கூட்டமாகவே நிற்கின்றன. தென்கிழக்கு இந்தியாவின் மரங்கள் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவை மஸ்கரீன் தீவுகள், மலேசியா, எல்லாவற்றுக்கும் மேலாக மேற்கு ஆப்பிரிக்கா, இந்த மூன்று இடத்து மரங்களோடு ஒரே குழுவில் வருகின்றன. 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலனிக் கப்பல்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

மேற்கு ஆப்பிரிக்கா! அரபிக் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத கரை. இப்போது அடன்சோனை ஞாபகப்படுத்துங்கள். அவர் செனகலுக்குப் போனது பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் ஊழியராக. அதே கம்பெனிதான் புதுச்சேரியை ஆண்டது, அதே காலத்தில் அங்கே ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக இருந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நடுவழியில் மொரீஷியஸும் ரீயூனியனும் அதே கம்பெனியின் கையில். 1746இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே அந்தத் தீவுகளின் கவர்னர்தான். அடன்சோன் விதை அனுப்பினார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் இன்னொரு ஒட்டகக் கதை தயார் செய்தவனாவேன். செனகல், மொரீஷியஸ், சோழமண்டலக் கரை மூன்றையும் கோத்த கப்பல்பாதை ஒன்று நிஜமாகவே இருந்தது, மரபணுக்களும் அதே ஊர்களை ஒரு குழுவாகக் காட்டுகின்றன. இதுவரைதான் சொல்ல முடியும், இதுவே பெரிய விஷயம்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல், படித்ததும் மனதை ஏதோ செய்துவிட்டது. ஆப்பிரிக்காவில் பொதுவாக ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி மரபணுக் கூட்டம் உண்டு. மொசாம்பிக்கின் ஜாம்பேசி நதிப் பகுதியிலும் தான்சானியாவின் கில்வாவிலும் மட்டும் வேறு வேறு கூட்டத்து மரங்கள் கலந்து நிற்கின்றன. ஏன்? 15 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை உள்நாட்டிலிருந்து பிடித்துக் கடற்கரைக்கு நடத்தி வரப்பட்ட அடிமைகளின் வரலாறு அதில் பதிந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த மனிதர்களின் பெயர்களை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. அவர்களோடு வந்த காயின் விதை கரையில் முளைத்து நிற்கிறது.

பெயர்களை நம்பியிருந்தால் இவை எதுவும் கிடைத்திருக்காது. வடக்கே இதற்குக் குராசானி இம்லி என்றொரு பெயர், குராசான் நாட்டுப் புளியாம். உத்தரப் பிரதேசம் கிந்தூரில் நிற்கும் மரத்தைப் பாரிஜாதம் என்று வணங்குகிறார்கள், அர்ஜுனன் தேவலோகத்திலிருந்து கொண்டுவந்ததாம். கதிரியக்கக் கரிமக் கணக்கில் அந்த மரத்துக்கு வயது சுமார் 800. வாஸ்கோ ட காமா வருவதற்கு முன்பே அது இங்கே வளர்ந்த மரம். ஆக, வடக்கே ஒரு பழைய வரவு, தென்கிழக்கே ஒரு புதிய வரவு. அர்ஜுனன் கதையைப் பார்த்துச் சிரிக்கிற நாம், ஒட்டகக் கதையை மட்டும் பாடம் போல ஒப்பிக்கிறோமே!

இது அந்நிய மரம், வெட்டினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை, நம் பாரம்பரிய மரம் என்று கொடி பிடிப்பவர்களும் உண்டு. இருவரிடமும் எனக்குக் கேட்கத் தோன்றுவது, எந்த மரத்தைச் சொல்கிறீர்கள் என்பதுதான். ஒவ்வொரு மரமும் ஒரு தனி வரவு.

என் ஆதங்கம் இதுதான். அந்த ஆய்வில் பார்த்தது மரபணுத்தொகுதியின் பத்து இடங்களை மட்டும். அன்றைக்கு அது போதும். இன்று எட்டு இனங்களின் முழுத் தொகுதியும் கையில் இருக்கிறது, டி.என்.ஏ. படிக்கிற செலவும் பல மடங்கு குறைந்துவிட்டது. நமது கடலோரத்து மரங்கள் ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தால், எந்த மரம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் வாரிசு, எது செனகல் பக்கத்து வாரிசு என்று பிரித்துச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. மன்னார், நெடுந்தீவு மரங்களோ அந்த ஆய்வின் பட்டியலிலேயே இல்லை. அரேபியர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற மரங்களில் அதிகம் பேசப்படுபவை அவைதான், அவற்றையே யாரும் அங்கே கேட்கவில்லை.

காத்திருக்கவும் முடியாது. ஆப்பிரிக்காவின் மிக வயதான 13 பெருக்கமரங்களில் 9 மரங்கள் முழுதாகவோ, அவற்றின் பழைய அடிமரங்களோ 2005க்குப் பிறகு செத்துப்போயின என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. மடகாஸ்கரில் பெரியேரி என்ற இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதன் பங்காளியான ஸா இனமே அதை நெருக்குவதாகவும், ஆகவே ஸாவைக் கண்காணிக்க வேண்டும் என்றும் 2024 ஆய்வு எச்சரிக்கிறது. உருவத்தைப் பார்த்து மட்டும் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. நம் ஊர் மரங்களுக்கு ஒரு சூறாவளியோ ஒரு சாலை அகலப்படுத்தும் திட்டமோ போதும்.

தாவரவியல் படிக்கிற நண்பர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யலாம். ஆளுக்கொரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்குங்கள். மரத்துக்கு நாலைந்து இளம் இலை போதும். ஒரு காகித உறையில் போட்டு, உறையைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள், டி.என்.ஏ. கெடாது. மேலே ஊர், தேதி, இடக்குறிப்பு. உள்ளூரில் அந்த மரத்துக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், கிம்பர்லியில் பாதி விடை பெயரில்தான் இருந்தது.